புல்லை நெல் என்றேன்

தை மாதப் பனியில் வெளிநாட்டு வேளாண் மாணவர்களும் ஆசிரியர்களும் எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தார்கள். பயிரியல் பேராசிரியரான நான் அவர்களைப் படாளம் பக்கம் ஒரு வயலுக்கு அழைத்துப்போனேன். வரப்போரம் ஒரு பயிரைப் பிடுங்கி உயர்த்தி, "தமிழில் இதன் பெயர் நெல்" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. எதையும் பிடுங்குமுன் நெல்லா புல்லா என்று அறிய, இலை பிரியும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததையும் தடவினார்.

"இன்னா சார், புல்ல புடுங்கி வெச்சிக்கினு நெல்லுன்னு சொல்லிக்கினு கீற?"

அவர் என்ன சொல்கிறார் என்று விருந்தினர்கள் கேட்டார்கள். "உங்களை வரவேற்கிறார்" என்றேன்.

"நா சொன்னத அவங்களாண்ட சொல்லு சார்."

"சொல்லிட்டேம்மா."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்களே."

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார்.

"ஷூவ கழட்டிட்டு எறங்கு சார்."

அரை மணி நேரம் களை எடுத்தேன். நான் பிடுங்கியதில் பாதியை அவர் திரும்ப நட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.