யார் வீட்டு வைஃபை?

தென்காசி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் போனில் டேட்டா தீர்ந்துவிட்டது. தேடியதில், கடவுச்சொல் இல்லாத வைஃபை ஒன்று தெரிந்தது. அடுத்தவர் இணைப்பைக் கேட்காமல் தொடக்கூடாது என்று வீட்டில் பாடம் நடத்துகிறவன் நான்.

"அண்ணாச்சி, இது உங்க வைஃபையா? போட்டுக்கிடட்டுமா?"

"நம்ம கடையில அதெல்லாம் ஏது?" என்றார் டீக்கடைக்காரர்.

பையைத் தூக்கிக்கொண்டு மிட்டாய்க்கடை, செருப்புக்கடை என்று ஏறி இறங்கினேன். எங்கு போனாலும் சிக்னல் முழுதாக இருந்தது. உரிமையாளர்தான் அகப்படவில்லை.

சலித்துப்போய்த் திரும்பியதும், பெஞ்சில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் சொன்னாள்: "சார், நீங்க போனா நெட்டும் போயிருது, வந்தா வருது. பைக்குள்ள என்ன வச்சிருக்கீய?"

உள்ளே என் ஆபீஸ் போன். காலையில் ஐந்தருவியில் லேப்டாப்புக்காகப் போட்ட ஹாட்ஸ்பாட்டை நான் அணைக்கவே இல்லை.

"என்னுதுதாம்மா. தாராளமா பாரு" என்றேன், வள்ளல் மாதிரி.

"அப்ப இங்கனயே உக்காருங்க சார். படம் முடியப்போவுது."