மாசி வெயிலில் ஒரு கம்பளிக் கோட்டு

நேற்றுவரை மப்ளர் இல்லாமல் வாசலுக்கு வராதவன் நான். இன்று ஒன்பது மணிக்கே பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. தருமபுரிப் பக்கம் எப்போதும் இப்படித்தான். வெயில் சொல்லிக்கொண்டு வராது. சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பார்கள். கிறிஸ்தவர் வீடாயிற்றே என்று எங்கள் வீட்டில் அது கூடுதலாக ஒரு நாள் தங்கியதில்லை.

மப்ளரை மடித்து வைக்கப் பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசனை. அந்த வாசனைக்கு எனக்கு ஒரு கோட்டுதான் நினைவுக்கு வரும்.

எழுபதுகளின் தொடக்கம். அரூரில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. வீடு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில். என் தங்கை லூர்துவைப் பெண் பார்க்கப் பாலக்கோட்டிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய சித்தப்பாவும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் பாக்டரி வேலை. தவக்காலத்தில் கல்யாணம்தான் கூடாது, பெண் பார்க்கக் கூடாது என்று எந்தச் சாமியாரும் சொல்லவில்லை. விடியற்காலைப் பனிக்குக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய மாப்பிள்ளை எங்கள் தெருவில் நுழைந்தபோது உச்சி வெயில். பெட்டியிலிருந்து எடுத்த அந்துருண்டை வாசனையோடு கோட்டு அப்படியே இருந்தது. கழற்றினால் பெங்களூர் போய்விடுமே!

அவரைத் தூரத்தில் பார்த்ததும் அப்பா உள்ளே ஓடிவந்தார்.

"டேய், அவரு கோட்டோட வர்றாரு. நாம வெறும் சட்டையில நிக்கறதா? ஸ்வெட்டர எடுத்துப் போடுடா!"

போட்டேன். உள்ளே டெரிலின் சட்டை வேறு. இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அப்பா தன் பங்குக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டார். விசிறி ஆணியில் தொங்கியது. எடுத்தால் புழுங்குகிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நான்கு ஆண்பிள்ளைகள் மார்கழி முகத்தோடு உட்கார்ந்து வெந்தோம்.

காபியோடு வந்த லூர்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் காதோரம் வியர்வை ஓடியது.

"கோட்ட கழட்டி வெச்சுட்டுக் குடிங்களேன். வேகுது" என்றாள்.

அவர் கை பொத்தானுக்குப் போனது. கண் சித்தப்பாவிடம் போனது. சித்தப்பா தொண்டையைச் செருமினார். கை முழங்காலுக்குத் திரும்பிவிட்டது.

அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. எங்கள் அப்பாவுக்குப் பெங்களூரைப் பிடித்துவிட்டது. லூர்துதான் வேண்டாம் என்றாள்.

"மாப்பிள்ளைக்கு என்னாடி கொறச்சல்?" என்று அப்பா குதித்தார்.

"தன்னோட வேர்வைக்கே சித்தப்பாவக் கேக்கறாரு. நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னா யாரக் கேப்பாரு?"

நான் சிரித்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னா சிரிக்கற? அப்பா சால்வைய எடுக்கற வரைக்கும் நீயுந்தான வெந்த? ஒன்னக் கட்டிக்கப் போறவ பாவம்!"

ஈஸ்டர் பூசை முடியும்வரை அப்பா அவளிடம் பேசவில்லை. மறுவருஷம் பெண் பார்க்க வந்த அரூர்க்காரர் உட்கார்ந்ததும் முதல் வேலையாக விசிறி கேட்டார். லூர்து அவரையே கட்டிக்கொண்டாள்.

இப்போது மாப்பிள்ளைகள் அக்கினி வெயிலிலும் கோட்டுப் போடுகிறார்கள். மண்டபத்தில் ஏசி இருக்கிறது. வேர்வையைப் பார்த்து ஆளை எடைபோட வழியில்லை. அப்பா எப்போதோ போய்விட்டார். லூர்துவும் போன வருஷம் போய்விட்டாள். வீட்டில் நான் எந்த அசட்டுத்தனம் செய்தாலும் "சரிங்கப்பா" என்கிறார்கள். நீ ஒரு முட்டாள் என்று என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தி இருந்தாள். இனி நான் முட்டாளாகவே இருந்துகொள்ள வேண்டியதுதான்.