கௌபாய் படத்தின் கடைசி ஐந்து நிமிடம்

அமெரிக்காவில், ஆலன் நகரில் என் பக்கத்து வீட்டுக்கு, மகனோடு இருக்க வந்திருந்தார் அந்த அங்கிள். டெக்சாஸ் வெயிலிலும் ஏசிக்குப் பயந்து காதை மூடி மஃப்ளர் கட்டியிருப்பார். மதியமெல்லாம் டிவியில், சிக்கனமாக எடுத்த பழைய கௌபாய் படங்கள்தான். "ஹீரோவை விட இந்தப் பாறைதாம்பா நிறைய படத்துல நடிச்சிருக்கு" என்பார்.

ஆனால் எந்தப் படத்தையும் முடிய விடமாட்டார். வில்லன் செத்ததும் டிவியை அணைத்துவிடுவார். அவர் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள்தான் ஏன் என்று கேட்டேன்.

"அப்புறம் அவன் தனியா குதிரை ஏறிப் போயிடுவான்பா. ஊரே நின்னு பாக்கும். இருந்துட்டுப் போயேன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

ஆன்ட்டி காலமான பிறகு ஊரில் அவர் வீட்டில் வேறு யாருமில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன், அங்கிள்" என்றேன்.

"நீ சொல்லிட்டே" என்று சிரித்தபடி மாடியைப் பார்த்தார். அங்கே மகன் வேலையாக இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் பேசியது நிச்சயம் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது. "அப்பா, பாஸ்போர்ட்டை ஹேண்ட்பேக்லயே வெச்சுட்டேன்."

"சரிப்பா" என்றார் அங்கிள். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குத்தான் கோபம் வருகிறது.