உயிரோடு வெளியே போன தொகுசோ

தொகுசோ இருபத்திரண்டு வருடமாகச் செத்துக்கொண்டிருந்தவன். கியோட்டோவில், எங்கள் சினிமா ஸ்டுடியோவில், கதாநாயகன் வாளை உருவினால் முதலில் வெட்டுப்படுகிற ஆள் அவன்தான். நடிகர்களுக்கு டோப்பா மாட்டுவது என் வேலை. காலையில் கொள்ளைக்காரன் தலையோடு போய்க் கழுத்தறுபட்டுச் சாவான். ஓடி வந்து என் முன்னால் உட்காருவான். நான் சாமுராய்க் குடுமியை மாட்டிவிடுவேன். மதியச் சாப்பாட்டுக்குள் அதே கதாநாயகனிடம் வயிறு கிழிந்து இன்னொரு தடவை சாவான். அவன் விழுவதைப் பார்க்கப் பக்கத்து செட்டிலிருந்தெல்லாம் ஆள் வரும். முதுகு வில்லாய் வளையும். ஒரு கால் மட்டும் விழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசிக்கும். அப்புறம்தான் விழுவான்.

அவன் மனைவி கினுயே ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. தோஃபு என்கிற சோயாக் கட்டி விற்கும் கடை வைத்திருந்தாள், வாய் கொஞ்சம் நீளம்.

"கட்டின புருஷன் குடல் சரிஞ்சு கிடக்கிறத காசு கொடுத்து வேற பாக்கணுமா? உசுரோட இருக்கிற மாதிரி ஒரு படம் நடிங்க, மொத ஆளா வந்து நிக்கிறேன்" என்பாள்.

அவன் சிரித்து மழுப்புவான். ஆனால் அது அவனுக்கு வலித்தது. ஊரே பார்த்து மெச்சுகிற வேலையை அவள் ஒருத்தி பார்க்கவில்லையே.

அந்த வருடம் கோட்டைக் காவலன் வேடம் வந்தது. கதாநாயகனின் தம்பியை இவன் வெட்ட வேண்டும். வாளை உறையில் போட்டுவிட்டு வாசல் வழியே வெளியே போக வேண்டும். சாவு கிடையாது.

முதல் டேக்கில் தம்பி வாளை வீசினான். இவன் தடுத்துத் திருப்பி வெட்டினான். ரத்தப் பை உடைந்து பீய்ச்சியது. தம்பி விழுந்தான். பக்கத்திலேயே தொகுசோவும் முதுகை வளைத்து விழுந்தான்.

"உன்னை யாருய்யா வெட்டினது?" என்றார் டைரக்டர்.

"யாரும் வெட்டலைங்க. வாள் கிட்ட வந்துச்சு, உடம்பு தானா போயிடுச்சு."

இரண்டாவது டேக்கிலும் விழுந்தான். மூன்றாவதில் முட்டி மடங்கியதைப் பார்த்ததும், வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார் டைரக்டர். தொகுசோ முகம் வெளுத்துப்போனது. நான் டைரக்டரிடம் கெஞ்சி இன்னும் ஒரே ஒரு டேக் வாங்கினேன். குடுமியைச் சரிசெய்கிற சாக்கில் அவன் காதில் சொன்னேன்.

"வாசலுக்கு அந்தப் பக்கம் கினுயே நிக்கிறான்னு நினைச்சுக்கோ. நேரா அவகிட்ட போ."

"அவ நின்னா பயத்துலேயே செத்துடுவேண்ணே."

ஆனாலும் போனான். உலக்கையை விழுங்கியவன் மாதிரி விறைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான். செட்டே கைதட்டியது.

படம் வெளியான அன்று கினுயே கடையை மத்தியானமே மூடிவிட்டு, நல்ல கிமோனோ உடுத்திக்கொண்டு வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் தொகுசோ. காவலன் உயிரோடு வெளியே போனதும், "பாத்தியா?" என்றான். அவள் நிம்மதியாக அரிசி பிஸ்கட்டைக் கடித்தாள்.

பிறகு கடைசிச் சண்டை. கதாநாயகன் முப்பது பேரைச் சாய்த்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணில் கட்டுப் போட்ட கூலிப்படைக்காரன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பரட்டைத் தலையை மாட்டிவிட்டவன் நான்தான். வாசல் காட்சிக்கு மறுநாள் ஆள் குறைகிறதென்று, வழக்கம்போல் தொகுசோவுக்கே தலையை மாற்றி அனுப்பியிருந்தேன். அன்றாடம் சாகிறவனுக்கு அது ஞாபகத்தில் நிற்கவில்லை. எனக்கும்தான்.

தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே வெட்டு. முதுகு வளைந்தது. கால் யோசித்தது. கினுயே பக்கத்திலிருந்த தொகுசோவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். திரையில் அவன் விழுந்து அடங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

விளக்கு போட்டார்கள். கினுயே அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஒத்தைக் கண்ணன் நீங்கதான?"

"ஆமா" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"வாசல் வழியா நடந்து போனீங்களே, அது சகிக்கல" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. கையை இன்னும் விடவில்லை. "நாளைக்கும் வருவோம். நீங்க சாகுறத இன்னொரு தடவை பாக்கணும். ஆனா இதே மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கணும்."