செல்வம் என்று கை தூக்கியவர்

தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. பக்கத்துத் தெருவில், மாடியில் ஒரு சின்ன பார். சாயங்காலமானால் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கீபோர்டு வாசித்துப் பாடுவார். துண்டுச் சீட்டில் பாட்டும் பெயரும் எழுதிக் கொடுத்தால், ரேடியோவில் போல மைக்கில் வாசித்துவிட்டுப் பாடுவார்.

என் முப்பதாவது பிறந்தநாளன்று நானே ஒரு சீட்டு எழுதினேன். செல்வம், பாஷா என்று இல்லாத இரண்டு நண்பர்கள் என்னை வாழ்த்துவதாக. மைக்கில் யாராவது என்னை வாழ்த்துவதைக் கேட்க ஆசை, அவ்வளவுதான்.

சீட்டை வாசித்த பாடகர் அதோடு விடவில்லை. என்னைக் கைகாட்டி, "செல்வம், பாஷா எங்க கீறீங்க? கையத் தூக்குங்க" என்றார். எல்லாரும் என் மேஜையைப் பார்த்தார்கள். எதிரே காலி நாற்காலி.

மூலை மேஜையில் தனியாக இருந்த வழுக்கைத் தலைக்காரர் கை தூக்கினார். "நான்தாம்பா செல்வம். பாஷாவுக்கு நைட் டூட்டி, வர்ல. நீ பாடு."

பாட்டு முடிந்ததும், கை தூக்கியவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, நேரே படியிறங்கிவிட்டேன். பிறகு எத்தனையோ நாள் அங்கே போயும் அவரைப் பார்க்கவில்லை.

அவரும் அன்று தனியாகத்தான் வந்திருந்தார். என் எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லியிருக்கலாம்.