பழைய பிளேயரும் 'சரிங்க' அண்ணனும்

என் அண்ணன் ஒரு கிடங்கில் வாயில்காவலர். அங்கே அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சரிங்க'. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டால் சரிங்க. ஏணியைத் திருப்பித் தராமலே வந்து வாளி கேட்டாலும் சரிங்க. அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். கூடப்பிறந்த பாவத்துக்கு நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இப்போது அவர் தலையில் பழி விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்வாசலைப் பூட்டாமல் போய்விட்டாராம். உள்ளே இருந்த மோட்டார்களைக் காணவில்லையாம். கேமரா பதிவு இருந்தது. ஆனால் கேமரா அரதப்பழசு, கம்ப்யூட்டரில் போட்டால் திரை முழுக்கப் பச்சை.

"வீடியோ பிளேயரோட பழைய பதிப்புலதாங்க இது ஓடும்" என்று கேமரா மெக்கானிக் கையை விரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் காட்டாவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதற்கு அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவே இல்லை.

பென்டிரைவோடு என் வீட்டுக்கு வந்தார். பழைய பதிப்பைத் தேடினேன். ஒரே பக்கத்தில் எத்தனை 'டவுன்லோட்' பொத்தான்! ஒன்றை அழுத்தினால் சீட்டாட்டம் இறங்கியது. இன்னொன்று வைரஸ் வைரஸ் என்று அலறியது. ஒருவழியாக உண்மையானதைப் பிடித்து, புதியதை நீக்கி, பழையதை ஏற்றிவிட்டு, அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தால் மறுபடியும் பச்சை.

"என்னண்ணே பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. புதுசு வந்திருக்கு, போட்டுக்கலாமான்னு கேட்டுச்சு. சரின்னு அழுத்தினேன்."

"ஏன்?"

"கேட்டுச்சேம்மா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, மவுஸை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

படம் ஓடியது. அண்ணன் பின்வாசலைப் பூட்டுகிறார், இழுத்துப் பார்க்கிறார்.

"பூட்டியிருக்கீங்கண்ணே!" என்று கத்தினேன்.

"போதும்மா, நிறுத்திடு" என்றார் அவர்.

நான் நிறுத்தவில்லை. மேலாளரின் மைத்துனர் வருகிறார். ஏதோ கேட்கிறார். அண்ணன் தலையாட்டுகிறார். சாவி கைமாறுகிறது.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

கம்ப்யூட்டரைத் தூக்கி அவர் தலையிலேயே போடலாமா என்றிருந்தது. அதற்குள் அவருடைய போன் அடித்தது. அதே மைத்துனர். ஸ்பீக்கரில் குரல் குழைந்தது.

"அந்தப் பதிவு திறக்கலேன்னு சொல்லிடுங்களேண்ணே. உங்களுக்கு வேற இடத்துல வேலை பாத்துத் தரேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"திறந்துடுச்சுங்க" என்றார். "எடுத்துக்கிட்டு வந்துட்டிருக்கேங்க."

போனை வைத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சரிங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.