கெய்ரோவுக்குப் போன துண்டு

உம்மு ஃபத்ஹி விதவையான வருஷம், அவள் வயலுக்குத் தண்ணீர் திரும்பும் மடையில் பாசியும் கோரையும் வந்து அடைத்துக்கொண்டே இருந்தன. ஆனால் அவளுடைய தண்ணீர் முறை வரும் நாளில், விடிவதற்குள் யாரோ அதையெல்லாம் அள்ளிக் கரையில் போட்டிருப்பார்கள். வானத்திலிருந்து மலக்குகள் இறங்கிவந்து செய்யும் வேலை என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு இடுப்புவரை நனைந்த அங்கியோடு வந்து பின்வரிசையில் நிற்கும் பஸ்யூனியைப் பார்த்த தஸூகிக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அவனும் வாய் திறக்கவில்லை.

இருவரும் ஒரே வாய்க்காலில் எருமைகளோடு நீந்தி வளர்ந்தவர்கள். அந்தப் பக்கத்துப் பையன்களுக்குப் பத்து வயது தாண்டினால் சிறுநீர் சிவப்பாகப் போகும். அதை யாரும் நோய் என்று நினைத்ததில்லை. பையன் பெரியவனாகிறான் என்று சிரித்துக்கொள்வார்கள். வராதவனைத்தான் கேலி செய்வார்கள். தஸூகிக்குத் தாமதமாக வந்ததால், அதுவரை பஸ்யூனி அவனைப் "பொண்ணு" என்றுதான் கூப்பிட்டான்.

அதனால்தான் பேரன் எடுத்த வயதில் பஸ்யூனிக்கு மறுபடி சிவப்பு கண்டபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"பாத்தியாடா, எனக்கு வயசு திரும்புது. உனக்கு நரைச்சதுதான் மிச்சம்."

"அப்ப புதுசா பொண்ணு பாக்கவா? உன் பொண்டாட்டி காதுல விழட்டும், ரொட்டிக் கட்டையோட வருவா."

ஒரு பருத்திப் பருவம் அப்படியே போயிற்று. சிறுநீர் அடைத்துக்கொண்டு அவன் அலறிய பிறகுதான் தஸூகி அவனை வேனில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். புற்று சிறுநீர்ப்பையைத் தாண்டிப் பரவிவிட்டது, இனி அறுத்தெடுத்துப் பயனில்லை என்றார்கள். டாக்டரம்மா தஸூகியைத் தனியே உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஹாஜி, வாய்க்கால் புழுவோட முட்டை அந்தப் பைச் சுவத்துல வருஷக்கணக்கா தங்கிப் புண்ணாக்கியிருக்கு. புண்ணு ஆற ஆற உடம்பு புதுப்புது செல்லா உண்டாக்கும். ஒவ்வொரு தடவையும் பழைய செல்லுக்குள்ள இருக்கற எழுத்தப் பாத்து எழுதணும். எழுதி எழுதி எங்கயோ பிசகிடுச்சு. குறிப்பிட்ட ஒரு எழுத்து பிசகியிருந்தா அதுக்குக் கேக்கற மாத்திரை இருக்கு. சோதனைக்குன்னு அந்தப் பையிலேர்ந்து எடுத்த சதைத் துண்ட கெய்ரோவுக்கு அனுப்பிப் பாக்கறோம்."

"நானும் அதே தண்ணிலதானம்மா கெடந்தேன். எனக்கு ஏன் பிசகல?"

"அது எங்களுக்கும் தெரியல, ஹாஜி."

அன்றிலிருந்து தஸூகி ஒவ்வொரு தொழுகையிலும் ஒன்றையே கேட்டான். பிசகியது அந்த எழுத்தாகவே இருக்கட்டும் என்று கேட்டான். எந்த எழுத்து என்று பெயர் சொல்லிக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை. அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டான்.

பதில் வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினாள்.

"நெறைய எடத்துல பிசகியிருக்கு, ஹாஜி. மாத்திரைக்கு வேண்டியது மட்டும் அதுல இல்ல."

"இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்கம்மா. அவசரத்துல விட்டிருப்பாங்க."

"நல்லாத்தான் பாத்திருக்காங்க. துண்டும் இப்ப இல்ல. அதச் சீவிக் கரைச்சாத்தான் எழுத்தப் படிக்க முடியும்."

தஸூகி கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். பஸ்யூனி படுக்கையிலிருந்தே அவன் முகத்தைப் பார்த்தான்.

"மாத்திரை கெடையாதுல்ல?"

"இல்லடா."

"பழத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது. சும்மா வாங்கிட்டு வர ஆளா நீ?"

அதற்குப் பிறகு தஸூகி தினமும் போய் உட்கார்ந்தான். தலையணையைச் சரிசெய்வான், ஈ ஓட்டுவான். வேறு எதுவும் அவன் கையில் இல்லை. கடைசி நாள், அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டு எழுந்தவனின் சட்டைக் கையை பஸ்யூனி பிடித்துக்கொண்டான்.

"கெய்ரோவுல கேட்டு அந்தத் துண்ட வாங்கிட்டு வந்துடுடா. உடம்பு முழுசா மண்ணுக்குள்ள போகணும். துளியூண்டுதான் இருக்கும், என்னச் சுத்தற கபன் துணிக்குள்ள நீயே வெச்சிடு. வேற யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன்."